இரண்டு டாலர் சேனல்: பிட்ஸ்பர்க் நகரவாசிகள் காசு போட்டுத் தொடங்கிய தொலைக்காட்சி

1954 ஏப்ரல். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் அப்போதுதான் தொடங்கிய ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் குழந்தைகளுக்கான ஒரு மணிநேர நிகழ்ச்சி நேரலையாகப் போகிறது. காசு கொடுத்துப் படம் வாங்க வழியில்லாததால் இலவசமாகக் கிடைத்த குறும்படங்களை ஓட்டுகிறார்கள். பழைய படச்சுருள், ஓடும்போதே அறுந்துவிடும். ஒட்டி முடிக்கும்வரை திரையில் எதையாவது காட்டியாக வேண்டும். பின்னால் தொங்கிய சீலையில் ஒரு கடிகாரம் வரைந்திருந்தது. அதில் ஒரு ஓட்டை போட்டு, மறைவில் நின்ற ஓர் இளைஞர் ஒரு புலிப் பொம்மையின் தலையை வெளியே நீட்டினார். புலி மணி என்ன என்று சொன்னது, கூடவே ஒரு சரித்திரத் துணுக்கும் சொன்னது. பார்த்த பிள்ளைகளுக்குப் புலியைப் பிடித்துப்போய்விட்டது.

பொம்மையைக் கொடுத்தவர் நிலையத்தின் மேலாளர் டோரத்தி டேனியல். ஒளிபரப்பு தொடங்குவதற்கு முந்தைய இரவு விருந்தில் அவர் தந்த சிறு பரிசு அது. அதனால் புலிக்கும் டேனியல் என்றே பெயர் வைத்தார்கள். மறைவில் நின்றவர் ஃப்ரெட் ராஜர்ஸ். பிற்பாடு அமெரிக்காவில் மூன்று தலைமுறைப் பிள்ளைகள் அவரைப் பார்த்து வளர்ந்தார்கள்.

ராஜர்ஸைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அவருக்கு இடம் கொடுத்த நிலையத்தைப் பற்றித்தான் எனக்குப் பேச ஆசை. ஒரு நகரத்து மக்கள் வீட்டுக்கு இரண்டு டாலர் போட்டு ஒரு சேனலைத் தொடங்கினார்கள். அந்த இரண்டு டாலரால் என்ன முளைத்தது, எந்த இடத்தில் அந்த நிலையம் வழுக்கியது என்பதுதான் இங்கே பார்க்கப்போவது.

சேனல் 13 யாருக்கு?

பொதுத் தொலைக்காட்சி என்றால் நமக்கு உடனே தூர்தர்ஷன் நினைவுக்கு வரும். சென்னை நிலையம் 1975-இல் வந்தது. டெல்லி நடத்தியது, நாம் பார்த்தோம். அமெரிக்காவில் அது வேறு விதம். அங்கே மத்திய அரசு நடத்தும் உள்நாட்டுத் தொலைக்காட்சி என்று ஒன்று கிடையாது. ஊருக்கு ஊர் ஒரு பல்கலைக்கழகமோ, பள்ளி நிர்வாகமோ, ஊரார் சேர்ந்த ஓர் அமைப்போ உரிமம் வாங்கித் தங்கள் நிலையத்தை நடத்துகிறார்கள். விளம்பரம் கிடையாது. நாடு முழுக்கப் போகும் நிகழ்ச்சிகளும் இப்படி ஏதாவது ஓர் ஊர் நிலையத்தில் தயாராகித்தான் மற்ற ஊர்களுக்குப் போகும்.

இதற்கு அடித்தளம் போட்டது 1952-இல் வந்த ஓர் உத்தரவு. 1948 முதல் நான்கு ஆண்டுகள் புதுத் தொலைக்காட்சி உரிமம் எதுவும் கொடுக்காமல், அலைவரிசைகளை எப்படிப் பங்கிடுவது என்று மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் யோசித்துக்கொண்டிருந்தது. அந்த ஆணையத்தின் முதல் பெண் உறுப்பினர் ஃப்ரீடா ஹென்னாக். கல்விக்கென்று ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கித்தான் ஆக வேண்டும் என்று அவர் விடாப்பிடியாக நின்றார். கடைசியில் நாடு முழுக்க 242 இடங்கள் வியாபாரம் சாராத கல்வி நிலையங்களுக்கு என்று ஒதுக்கப்பட்டன. அவர் அன்று விட்டுக்கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

ஒதுக்கீட்டில் பெரும்பாலானவை அந்தக் காலத்துப் பெட்டிகள் பலவற்றில் தெரியாத உயர் அலைவரிசைகள். பிட்ஸ்பர்க்குக்குக் கிடைத்ததோ சேனல் 13, சாதாரணப் பெட்டியில் தெரியக்கூடியது. அதைக் கல்விக்கு என்று பெற்றுத் தந்ததில் மேயர் டேவிட் லாரன்ஸுக்குப் பங்கு உண்டு. பிட்ஸ்பர்க் பிளேட் கிளாஸ் நிறுவனத்தின் சட்ட ஆலோசகரான லீலண்ட் ஹசார்ட் இதைத் தன் வேலையாக எடுத்துச் செய்தார். பெரிய அறக்கட்டளைகள் ஒரு பக்கம் பணம் கொடுத்தன. அது போதவில்லை. ஒவ்வொரு குடும்பத்திடமும் இரண்டு டாலர் கேட்டார்கள்.

நிலையத்தின் பெயர் டபிள்யூ.கியூ.இ.டி. வடிவியலில் ஒரு தேற்றத்தை நிறுவி முடித்ததும் கடைசியில் போடும் 'கியூ.இ.டி.' என்ற லத்தீன் குறிதான் அது. 'நிறுவ வேண்டியது நிறுவப்பட்டது' என்று பொருள். 1954 ஏப்ரல் 1 அன்று ஒளிபரப்பு தொடங்கியது. நாட்டின் முதல் கல்வித் தொலைக்காட்சி என்ற பெருமை ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் கே.யூ.எச்.டி.க்கு, அது 1953. ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தையும் சாராமல் ஊராரே சேர்ந்து நடத்திய முதல் நிலையம் பிட்ஸ்பர்க்குடையதுதான்.

திரைக்குப் பின்னால் ஓடியவர்

ராஜர்ஸ் பிட்ஸ்பர்க்குக்குப் பக்கத்து ஊரான லாட்ரோப்காரர். இசை படித்தவர். நியூயார்க்கில் என்.பி.சி. தொலைக்காட்சியில் நல்ல வேலையில் இருந்தார். இன்னும் ஒளிபரப்பே தொடங்காத ஊர் நிலையத்துக்கு அதை விட்டுவிட்டு அவர் 1953-இல் கிளம்பியபோது, கூட இருந்தவர்கள் அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தார்கள். தொலைக்காட்சியை அவர் முதலில் பார்த்தபோது ஒருவர் முகத்தில் ஒருவர் கேக்கைப் பூசிக்கொண்டிருந்தார்களாம். இவ்வளவு அருமையான கருவியை இதற்கா பயன்படுத்துவது என்ற கோபத்தில்தான் அந்தத் துறைக்கே வந்தார்.

'சில்ட்ரன்ஸ் கார்னர்' என்ற அந்த நிகழ்ச்சியில் திரையில் தெரிந்தவர் ஜோசி கேரி. ராஜர்ஸ் தயாரிப்பாளர், ஆர்கன் வாசிப்பவர், பொம்மைகளை ஆட்டுபவர். ஆர்கனுக்கும் பொம்மை மேடைக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருப்பார். நேரலையில் காலணிச் சத்தம் கேட்டுவிடும் என்பதால் துணிக் காலணி மாட்டிக்கொண்டார். பிற்காலத்தில் வீட்டுக்குள் நுழைந்ததும் கோட்டைக் கழற்றி ஸ்வெட்டர் போட்டு, துணிக் காலணிக்கு மாறும் அந்தப் புகழ்பெற்ற தொடக்கக் காட்சிக்கு வேர் இங்கே இருக்கிறது. அந்த ஸ்வெட்டர்களில் பலவற்றை அவருடைய அம்மா தன் கையால் பின்னியது.

'ஏழைத்தனம் கலையை வளர்க்கும்' என்று சொல்லிக் காசு கொடுக்காமல் இருப்பவர்களை எனக்குப் பிடிக்காது. இங்கே வளர்த்தது வேறு ஒன்று: நேரம். தினமும் ஒரு மணிநேரம், ஏழு ஆண்டுகள். அந்த நேரத்தில் சோப்போ காலை உணவுத் தானியமோ விற்க யாருக்கும் கட்டாயம் இல்லை. பொம்மை மெதுவாகப் பேசினால் அவசரப்படுத்த ஆள் இல்லை. 1955-56-இல் என்.பி.சி.யும் இந்த நிகழ்ச்சியைச் சனிக்கிழமைகளில் எடுத்து ஒளிபரப்பியது. அப்படிப் பெரிய இடம் கிடைத்தும் நிகழ்ச்சி ஊரிலேயே, 1961 வரை, நிலைத்து நின்றது.

அந்த ஆண்டுகளில் ராஜர்ஸ் மதிய நேரங்களில் இறையியல் கல்லூரிக்குப் போய்ப் படித்தார். அந்தப் படிப்பின் வழியாகப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் குழந்தை உளவியலாளர் மார்கரெட் மெக்ஃபார்லண்ட் அவருக்கு அறிமுகமானார். 1988-இல் மெக்ஃபார்லண்ட் மறையும்வரை, அவரிடம் கலந்துபேசியே ராஜர்ஸ் நிகழ்ச்சிகளை எழுதினார். ஒரு நிலையம், அதற்குப் பக்கத்திலேயே ஒரு பல்கலைக்கழகம், குழந்தைகளை நாள்முழுக்கக் கவனித்து ஆராயும் ஒரு மையம், ஒரு இறையியல் கல்லூரி. எல்லாம் ஒரே ஊரில் இருந்தன. நியூயார்க்கிலேயே இருந்திருந்தால் இந்தச் சேர்க்கை அவருக்குக் கிடைத்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

1963-இல் குருப்பட்டம் பெற்று, நடுவில் கனடாவில் சில காலம் வேலை செய்து, மறுபடி பிட்ஸ்பர்க் வந்தார். 'மிஸ்டர் ராஜர்ஸ் நெய்பர்ஹுட்' 1966-இல் கிழக்குப் பகுதி நிலையங்களுக்கு மட்டும் போனது. பணம் தீர்ந்துபோய் நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்ததும் பல ஊர்களில் பெற்றோர் கிளம்பிவிட்டார்கள். சியர்ஸ் அறக்கட்டளை உதவிக்கு வந்தது. 1968 பிப்ரவரி 19 முதல் நாடு முழுக்க ஒளிபரப்பானது.

ஒரு வார்த்தைக்காக நின்ற படப்பிடிப்பு

இந்த நிகழ்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் வேலை செய்யும் முறை. எழுதிய வசனத்தைத் திரும்பத் திரும்ப மாற்றுவார்கள். ஒரு காட்சியில் மருத்துவமனைத் தாதி ஒருவர் குழந்தையின் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி, இதை ஊதப்போகிறேன் என்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் அதற்கு எழுதியிருந்த சொல்லுக்கு 'வெடிக்கச் செய்வது' என்றும் பொருள் உண்டு. ராஜர்ஸ் அதை மாற்றச் சொன்னார்: கொஞ்சம் காற்றடித்து உப்பவைக்கப்போகிறேன். கையில் கட்டியது வெடிக்கப்போகிறது என்று மூன்று வயதுப் பிள்ளை பயந்துவிட்டால் அப்புறம் சொல்வது எதுவும் காதில் ஏறாது, இல்லையா?

பார்வை இல்லாத ஒரு சிறுமியின் வீட்டிலிருந்து ஒருமுறை கடிதம் வந்தது. நீங்கள் உங்கள் தொட்டி மீனுக்குத் தீனி போடுவதாகச் சொல்லாவிட்டால் மீன் பசியோடு இருக்கிறதோ என்று எனக்குக் கவலையாகிவிடுகிறது என்று. அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட்டார். 1970-இல் ஒரு நாள் அந்தத் தொட்டியில் ஒரு மீன் செத்துக் கிடந்தது. எடுத்துப் புதைத்து, தான் சிறுவனாக இருந்தபோது வளர்த்த நாய் செத்ததைப் பற்றிப் பேசினார்.

ராபர்ட் கென்னடி சுடப்பட்டு இறந்த மறுநாள், 1968 ஜூன் 7 அன்று, ஒரு சிறப்பு நிகழ்ச்சி வந்தது. அதே டேனியல் புலி, படுகொலை என்றால் என்ன என்று கேட்கிறது. பெற்றோரைப் பார்த்துப் பேசுகிறார் ராஜர்ஸ். அடுத்த ஆண்டு மே மாதம் இன்னொரு காட்சி. வெயிலுக்கு ஒரு சிறு தொட்டியில் தண்ணீர் நிரப்பிக் காலை நனைத்துக்கொண்டிருக்கிறார். கிளெமன்ஸ் என்ற போலீஸ்காரர் வருகிறார். அவர் கறுப்பினத்தவர், பாடகர் ஃப்ரான்ஸ்வா கிளெமன்ஸ். நீங்களும் காலை வையுங்கள் என்கிறார் ராஜர்ஸ். ஒரே தொட்டியில் நான்கு கால்கள், துடைத்துக்கொள்ள ஒரே துண்டு. ஐந்து ஆண்டுகளுக்கு முன்னால்தான் ஃப்ளோரிடாவில் ஒரு விடுதி நீச்சல் குளத்தில் கறுப்பினத்தவர் இறங்கினார்கள் என்று அதன் உரிமையாளர் தண்ணீரில் அமிலம் ஊற்றியிருந்தார். இதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தத் துண்டைப் பாருங்கள்.

சுற்றியிருந்தவர்களில் பலரும் அந்த வட்டாரத்துக்காரர்கள். ஜாஸ் பியானோக் கலைஞர் ஜானி காஸ்டா 1996-இல் மறையும்வரை அரங்கிலேயே உட்கார்ந்து நேரடியாக வாசித்தார். பிள்ளைகளுக்கென்று எளிமையாக்கி வாசிக்கமாட்டேன் என்பது அவருடைய நிபந்தனை, ராஜர்ஸும் அதையேதான் விரும்பினார். கைவேலைக்காரராக வந்த ஜோ நெக்ரி உண்மையில் ஊரறிந்த கிடார் கலைஞர். நிகழ்ச்சியில் வரும் கற்பனை ஊருக்குப் போகும் சின்ன டிராம் வண்டி பிட்ஸ்பர்க் தெருக்களில் ஓடியதன் குட்டி. 1970-களில் அரங்கப் பணியாளராக அங்கே வேலை பார்த்த ஓர் இளைஞர், பிற்பாடு பேட்மேனாக நடித்த மைக்கேல் கீட்டன்.

ஆறு நிமிடம்

1969 மே 1. பொது ஒலிபரப்புக்கு என்று முன்மொழிந்த 2 கோடி டாலரைப் பாதியாகக் குறைக்க நிக்சன் அரசு நினைக்கிறது. செனட் துணைக்குழுவின் தலைவர் ஜான் பாஸ்டோர், கரடுமுரடான ஆள் என்று பெயர் எடுத்தவர். ராஜர்ஸ் கையில் இருந்த எழுத்துரையை ஒதுக்கி வைத்துவிட்டு, ஏறத்தாழ ஆறு நிமிடம் பேசினார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நிகழ்ச்சியின் பட்ஜெட் 30 டாலரில் தொடங்கியது, இப்போது 6,000 டாலர், அந்தப் பணத்துக்கு இரண்டு நிமிடக் கார்ட்டூன்கூட எடுக்க முடியாது என்றார். ஒவ்வொரு நிலையமும் காசு கொடுத்துத்தான் தன் நிகழ்ச்சியைக் காட்டுகிறது என்றும் சொன்னார். கோபம் வந்தால் என்ன செய்வது என்று பிள்ளைகளுக்காக எழுதிய பாட்டு ஒன்றின் வரிகளைப் பாடாமல் சொல்லிக் காட்டினார். முடிவில் பாஸ்டோர், 2 கோடியை நீங்கள் சம்பாதித்துவிட்டீர்கள் போல என்று சொல்லிவிட்டார்.

இந்தக் காட்சியை இன்றும் பலர் பகிர்கிறார்கள். ஒரு நல்ல மனிதர் ஒரு செனட்டரின் மனதை இளக்கினார் என்று கதை முடிந்துவிடுகிறது. எனக்கு அதில் கண்ணில் படுவது அந்த 15 ஆண்டு. யாரும் பொருட்படுத்தாத ஒரு ஊர் நிலையத்தில் அவ்வளவு காலம் உழைத்திராவிட்டால் அந்த ஆறு நிமிடம் வந்திருக்காது.

அதே சமயம் இன்னொன்றும் நடந்தது. 1971-இல் ராஜர்ஸ் தன் வேலைகளுக்கென்று தனியாக லாபநோக்கற்ற ஓர் அமைப்பைத் தொடங்கினார். நிகழ்ச்சி அதனுடையதானது, நிலையத்தின் அரங்கில் படமானது. அதில் தப்பு எதுவும் இல்லை. பொம்மை விற்பனைக்காரர்கள் கையில் தன் நிகழ்ச்சி சிக்காமல் இருக்க அவருக்கு அது தேவைப்பட்டது. ஆனால் உலகம் முழுக்க நிலையத்துக்குப் பெயர் வாங்கித் தந்த நிகழ்ச்சி நிலையத்துக்குச் சோறு போடவில்லை. வெளியில் இருந்து பார்ப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

இப்போது இல்லாதவை

1980-களில் பிட்ஸ்பர்க்கின் எஃகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. பெயர்பெற்ற ஹோம்ஸ்டெட் ஆலை 1986-இல் நின்றது. அடுத்த ஆண்டு ரிக் சீபாக் என்ற தயாரிப்பாளர் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் எடுத்ததெல்லாம் ஊர்க்கதைகள். 1988-இல் கென்னிவுட் என்ற பழைய கேளிக்கைப் பூங்காவைப் பற்றி ஒரு படம். 1990-இல், ஊரில் முன்பு இருந்து இப்போது இல்லாமல் போனவற்றைப் பற்றி ஒன்று: மூடிய கடைகள், இடித்த மைதானம், நின்றுபோன பூங்காக்கள். ஊர்க்காரர்கள் தங்கள் குரலில் நினைவுகளைச் சொல்வார்கள், நடுவில் பழைய புகைப்படம் வரும். ஊர் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடியது.

வெளியூரில் இருக்கும் ஒருவருக்கு இதில் ஒன்றும் இருக்காது. அதுதான் ஊர் நிலையத்தின் பலம் என்பேன். தேசியத் தொலைக்காட்சிகள் அந்த ஆண்டுகளில் பிட்ஸ்பர்க் பக்கம் கேமராவைத் திருப்பினால் பூட்டிய ஆலைக் கதவைத்தான் காட்டின. அந்தக் கதவுக்குள் வேலை பார்த்தவர் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை எங்கே கூட்டிப்போனார் என்பதை இந்த நிலையம் காட்டியது.

பதினாறாம் சேனல் விவகாரம்

இனி வழுக்கிய இடம். 1959 முதல் இந்த நிலையத்துக்கு இரண்டாவது சேனல் ஒன்றும் இருந்தது: டபிள்யூ.கியூ.இ.எக்ஸ்., சேனல் 16. 1990-களின் தொடக்கத்தில் நிலையம் கடனில் மூழ்கிவிட்டது. ஆட்குறைப்பு, நிர்வாகத்தினரின் சம்பளம் பற்றிய சர்ச்சை என்று பெயர் கெட்டிருந்த வேளையில், 1994-இல் ஜார்ஜ் மைல்ஸ் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். வழிகளைத் தேடும்போது கண்ணில் பட்டது சேனல் 16. அதை விற்றால் கடன் தீரும்.

ஆனால் அது கல்விக்கென்று ஒதுக்கிய சேனல். வியாபாரிக்கு விற்க ஆணையம் முதலில் சம்மதிக்கவில்லை. அப்புறம் ஒரு சுற்றுவழி யோசித்தார்கள். கார்னர்ஸ்டோன் என்ற கிறிஸ்தவ ஒளிபரப்பு அமைப்பிடம் சேனல் 40 இருந்தது, அது வணிக உரிமம். கார்னர்ஸ்டோன் 16-க்கு மாறிக்கொள்ளும். காலியாகும் 40-ஐப் பாக்ஸன் என்ற நிறுவனம் 3.5 கோடி டாலருக்கு வாங்கும். பணத்தில் நிலையத்துக்குப் பாதி, கார்னர்ஸ்டோனுக்குப் பாதி.

நகரவாசிகள் சிலர் ஒன்றுசேர்ந்து எதிர்த்தார்கள். ஊருக்கென்று ஒதுக்கிய சேனலை, ஊரைக் கேட்காமல் எப்படிக் கைமாற்றலாம் என்பதுதான் அவர்கள் கேள்வி. 1999 டிசம்பரில் ஆணையம் அனுமதித்தது. கூடவே, ஒதுக்கிய சேனலில் பாதிக்கு மேல் கல்வி நிகழ்ச்சிகள் இருக்க வேண்டும், வழிபாட்டு ஒளிபரப்பு அதில் சேராது என்று ஒரு விளக்கத்தையும் சேர்த்தது. நாடு முழுக்க மத ஒளிபரப்பாளர்கள் கொதித்தெழுந்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்கள் தலையிட்டார்கள். கார்னர்ஸ்டோன் விலகிக்கொண்டது, ஆணையமும் 2000 ஜனவரி முடிவதற்குள் அந்த விளக்கத்தைத் திரும்பப் பெற்றது. பிட்ஸ்பர்க்காரர்கள் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவே இல்லை. அது மத உரிமைச் சண்டையில் அமுங்கிப்போனது.

1997 முதலே சேனல் 16-இல் சொந்த நிகழ்ச்சி இல்லை, 13-இல் போவதுதான் அங்கேயும் போனது. 2002-இல் வணிகச் சேனலாக மாற்ற அனுமதி கிடைத்தது. பொருள் விற்கும் நிகழ்ச்சிகள் அதில் ஓடின. கடைசியில் 2010-11-இல் அயான் நிறுவனத்துக்கு விற்றார்கள். விலை 30 லட்சம் டாலர். பத்து ஆண்டுகளுக்கு முன் கைக்கு வரும் என்று எதிர்பார்த்தது 1.75 கோடி.

நிர்வாகத்தை வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. கடன்காரர் வாசலில் நிற்கும்போது, இரண்டு அடுப்பில் ஒன்றை விற்கத்தான் எந்த வீட்டிலும் தோன்றும். ஆனால் சேனல் 16-ஐ ஒரு சொத்தாக மட்டுமே பார்த்த அன்றே அதை நிரப்பும் யோசனை நின்றுவிட்டது. ஒளிபரப்பு நேரம் கையில் இருந்தால் அதில் ஒரு இளைஞர் வந்து சீலையில் ஓட்டை போட்டுப் பொம்மையை நீட்டலாம். 1954-இல் நிலையத்திடம் பெரிதாக இருந்தது நேரம் ஒன்றுதான். அதே நேரம் ஒரு சேனல் முழுக்கக் காலியாகக் கிடந்தபோது அதற்கு ஆள் தேடவில்லையே என்பதுதான் என் வருத்தம். இந்த இடத்தில் நகரவாசிகள் பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன்.

மறுபடி வீட்டுக் கணக்கு

ராஜர்ஸின் கடைசிப் புதிய நிகழ்ச்சி 2001 ஆகஸ்டில் வந்தது. 2003 பிப்ரவரியில் அவர் காலமானார். ஓக்லாண்ட் பகுதியில் ஐந்தாம் அவென்யூவில் உள்ள நிலையத்தின் அரங்குக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். கடிகாரத்திலிருந்து எட்டிப்பார்த்த புலியின் பெயரில், அடுத்த தலைமுறைக்கு ஒரு கார்ட்டூன் தொடர் 2012 முதல் வருகிறது.

2025 ஜூலையில், மத்தியப் பணத்தை ஊர் நிலையங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவந்த பொது ஒலிபரப்புக் கழகத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கென்று ஒதுக்கியிருந்த ஏறத்தாழ 110 கோடி டாலரை அமெரிக்க நாடாளுமன்றம் திரும்ப எடுத்துக்கொண்டது. அடுத்த மாதமே கழகம் தன்னை மூடப்போவதாக அறிவித்தது. 1969-இல் ராஜர்ஸ் பேசிக் காப்பாற்றியது அதற்கான பணத்தைத்தான். ஊர் நிலையங்களுக்கு இனி மத்தியப் பணம் இல்லை. பெரிய ஊர்களில் அறக்கட்டளைகளும் சந்தாதாரர்களும் ஓரளவு தாங்குவார்கள், சின்ன ஊர்களின் பாடு கஷ்டம். பிட்ஸ்பர்க் நிலையம் மறுபடியும் வீடு வீடாகத்தான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும்போது, இந்தப் பணத்தில் இந்த ஊருக்கென்று என்ன செய்யப்போகிறீர்கள் என்று வாசலில் நிற்பவர் கேட்பார். 1954-இல் அதற்குக் காட்ட ஒரு புலி இருந்தது.